நேற்றைய மழை

கம்ப்யூட்டர் என்றால் ஒரு கூடம் என்றிருந்த காலம் அது. நீர்வளத் துறையின் கணக்கீட்டு நிலையத்தில் இருந்ததும் அப்படிப்பட்டதுதான். ஆள் உயர இரும்பு அலமாரிகள் வரிசையாக நிற்கும். அவற்றின் வயிற்றுக்குள் விசிறிகள் ஓயாமல் இரையும். கணக்குப் போட வேண்டுமானால் துளையிட்ட அட்டைகளைக் கட்டாகக் கட்டிக்கொண்டு வர வேண்டும். ஒரு கட்டு, ஒரு வேலை. கட்டைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் வெளியே பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். தலைமை ஆபரேட்டர் கதவைத் திறந்து, "அடுத்த ஆள் ஏறலாம்" என்பார். அதனாலேயே அவருக்குக் கண்டக்டர் என்று பெயர் விழுந்துவிட்டது.

கண்டக்டரின் தங்கைக்கும் அதே நிலையத்தில்தான் வேலை. கணக்குப் படித்தவள், நிரல் எழுதும் பிரிவில் இருந்தாள். கண்டக்டருடைய தங்கை என்பதால் ஊழியர்கள் எல்லோருக்கும் அவள் 'தங்கச்சி'. அவளைவிட வயதில் சின்னவர்கள்கூடத் தங்கச்சி என்றே கூப்பிட்டார்கள். அவளும் கண்டுகொள்வதில்லை.

இயக்குநருக்கு ஒரு குறை இருந்தது. ஒரு வேலை முடிந்து தங்கச்சியின் அண்ணன் தகவல் பதிந்த டேப்பைக் கழற்றி, அடுத்த டேப்பை மாட்டி, அட்டைகளை அடுக்கி, பொத்தானை அழுத்தும்வரை இயந்திரம் சும்மா கிடக்கிறதே என்பது. "அவ்வளவு பெரிய யானையைக் கட்டி வச்சுட்டு, பாகன் டீ குடிக்கிற நேரமெல்லாம் அது நின்னுக்கிட்டே இருக்கு" என்று புலம்புவார். ஆகவே தங்கச்சியைக் கூப்பிட்டு ஒரு நிரல் எழுதச் சொன்னார். சாதாரண நிரல் இல்லை, மற்ற நிரல்களை நடத்தும் நிரல். அது நினைவகத்தின் ஒரு மூலையில் நிரந்தரமாகக் குடியிருக்க வேண்டும். ஒரு வேலை முடிந்ததும் மனிதக் கை இல்லாமலே அடுத்ததைக் கூப்பிட வேண்டும். எது ஆரம்பிக்கிறது, எது முடிந்தது என்று மேசைத் தட்டச்சில் ஒவ்வொரு வரியாக அடித்துக் காட்ட வேண்டும். கோப்புகளில் அதற்குக் 'கட்டுப்பாட்டு நிரல்' என்று பெயர். ஊழியர்கள் வைத்த பெயர் வேறு.

"உள்ளயே உக்காந்துக்கிட்டு எல்லாரையும் அதிகாரம் பண்ணும், நகரவும் நகராது. இது மாமியார் இல்லாம வேற யாரு?" என்றாள் அட்டை துளைக்கும் பெண். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. கல்யாணமே ஆகாத பெண் மாமியாரைத் தானே உண்டாக்கிக்கொண்டாள் என்று கேலி வேறு. தங்கச்சியும் சேர்ந்து சிரித்தாள். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை.

வீட்டில் மூன்று பேர்தான்: அண்ணன், அண்ணி, அவள். ஒருநாள் சாப்பிடும்போது அண்ணன் தட்டைப் பார்த்தபடியே கேட்டான்.

"உன் ப்ரோக்ராம் வந்துட்டா எனக்கு அங்க என்ன வேலை?"

"டேப் மாட்ட ஆள் வேணுமேண்ணா" என்றாள் அவள். ஆறுதலாகத்தான் சொன்னாள். சொன்ன பிறகுதான் அது அவனை எப்படித் தைத்திருக்கும் என்று புரிந்தது. அண்ணன் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டான்.

அன்றிலிருந்து பேச்சு நின்றது. இருவரும் ஒரே பஸ்ஸில் போனார்கள், ஒரே கூடத்தில் வேலை பார்த்தார்கள், ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். உப்பை நகர்த்தச் சொல்வதற்குக்கூட அண்ணி தேவைப்பட்டாள். "ஸ்கூல்ல பசங்க சண்டையைத் தீர்த்துட்டு வந்தா வீட்ல உங்க சண்டை. நான் என்ன தபால்காரியா?" என்று அண்ணி சலித்துக்கொள்வாள். அவள் ஆற்றோரத் தாழ்வுப் பகுதியில் தொடக்கப் பள்ளி ஆசிரியை.

கட்டுப்பாட்டு நிரலைத் தலைமை அலுவலகத்துக்காரர்கள் முன்னால் ஓட்டிக் காட்டும் நாள் வந்தது. அதற்குச் சில நாள் முன்பிருந்தே மழை விட்டபாடில்லை. கூடத்தின் சுவர்களில் ஈரம் பூத்திருந்தது. அட்டைகளைத் தொட்டால் அப்பளம் நமுத்ததுபோல் இருந்தன.

காலையில் ஆற்று இன்ஜினியர் நனைந்த சட்டையோடு ஓடிவந்தார். அணைக்கு எவ்வளவு தண்ணீர் வரும், எத்தனை மதகைத் திறக்க வேண்டும் என்று தினமும் கணக்குப் போட்டு வாங்கிப் போகிறவர்.

"சார், என் கணக்கை முதல்ல தனியா ஓட்டிக் குடுத்துருங்க. மேல நல்ல மழை."

"வரிசையில வரும்யா" என்றார் இயக்குநர். "இன்னிக்கு உங்க கணக்குதான் கடைசிக் காட்சி. கைதட்டு வாங்கப் போறதே அதுதான்."

இன்ஜினியர் தங்கச்சியைத் திரும்பிப் பார்த்தார். 'நீயாவது சொல்லேன்' என்று கேட்கும் பார்வை. சொல்லியிருக்கலாம். அவளுக்கும் தன் நிரல் கைதட்டு வாங்குவதைப் பார்க்க ஆசை இருந்தது. பேசாமல் அட்டைகளைச் சரி செய்துகொண்டிருந்தாள்.

இயக்குநர் அண்ணனிடம், "டேப்பெல்லாம் மாட்டிட்டு நீங்க உள் அறையில இருங்க. இன்னிக்கு மனுஷக் கை படாம ஓடணும்" என்றார். அண்ணன் டேப் வைக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். சாத்திய சத்தம் மட்டும் கொஞ்சம் பலமாகக் கேட்டது.

பிற்பகலில் ஓட்டம் தொடங்கியது. எல்லா வேலைகளின் அட்டைகளும் ஒரே அடுக்காக, அட்டை படிக்கும் ரீடரின் மேல் நின்றன. தங்கச்சி பொத்தானை அழுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். அட்டைகள் சடசடவென்று உள்ளே பாய்ந்தன. முதல் வேலை முடிந்தது, அடுத்தது தானாக வந்தது, அதுவும் முடிந்தது. வந்திருந்தவர்களில் ஒருவர், "யாருமே தொடலியே!" என்று குழந்தைபோல் வியந்தார். கல்வித் துறையின் பரீட்சை மதிப்பெண் கணக்கு ஓடியது. கடைசியாக ஆற்றுக் கணக்கு. பிரிண்டர் தாளைத் துப்பி முடித்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். இயக்குநரின் முகம் விளக்குப் போட்டதுபோல் ஆகிவிட்டது.

இன்ஜினியர் தாளைக் கிழித்தெடுத்துப் படித்தார். அவர் தோள் இறங்கியது. "அப்பாடா. சின்ன மதகு போதும். பெரிசைத் தொட வேண்டாம்" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை எடுத்து அணைக்கும் சொன்னார்.

எல்லோரும் தேநீருக்கு நகர்ந்தார்கள். தங்கச்சி மேசைத் தட்டச்சில் இருந்த தாளைக் கிழிக்கப் போனாள், நினைவாக வைத்துக்கொள்ளலாம் என்று. தன் நிரல் அடித்த வரிகளை ஆசையாக மேலிருந்து படித்துக்கொண்டே வந்தாள். மதிப்பெண் தொடக்கம். மதிப்பெண் முடிவு. நீரோட்டம் தொடக்கம். நீரோட்டம் முடிவு.

மறுபடி படித்தாள்.

ஆற்றுக் கணக்குக்கு இரண்டு பகுதி. முதல் பகுதி, அன்றைய மழை அளவுகளை அட்டையிலிருந்து படித்து டேப்பில் எழுதும். இரண்டாவது, அந்த டேப்பைப் படித்து ஆற்றில் வரும் தண்ணீரைக் கணக்கிடும். 'மழை தொடக்கம்' என்று ஒரு வரி இருக்க வேண்டும். இல்லை. மழைப் பகுதி ஓடவே இல்லை. அப்படியானால் நீரோட்டக் கணக்கு எந்த மழையைப் படித்தது?

டேப்பில் இருந்தது நேற்று எழுதியது.

அவள் பிரிண்டர் பக்கம் ஓடி, மதிப்பெண் கணக்கின் தாளைத் தரையோடு இழுத்துக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தாள். மாணவர் பட்டியலின் அடியில் பொருத்தமே இல்லாத சில மாணவர்கள் இருந்தார்கள். யாரோ ஒருவன் கணக்கில் நூற்றுக்கு மேலேயே வாங்கியிருந்தான். என்ன நடந்தது என்று அவளுக்கு விளங்கிவிட்டது. மதிப்பெண் கட்டின் கடைசியில் 'முடிந்தது' என்று சொல்லும் அட்டையை யாரோ வைக்க மறந்திருக்கிறார்கள். தன் தட்டு காலியானதும் பக்கத்துத் தட்டில் கை வைக்கும் விருந்தாளியைப்போல, அந்த வேலை அடுத்த கட்டில் இருந்த மழை அட்டைகளையும் இழுத்துச் சாப்பிட்டிருக்கிறது. மழைப் பகுதியைக் கூப்பிடும் அட்டையும் அதன் வாய்க்குள்ளேயே போய்விட்டது. மழை அட்டைகளின் முடிவு அட்டையைத் தன்னுடையதாக எண்ணிக்கொண்டு சமர்த்தாக நின்றிருக்கிறது. கட்டுப்பாட்டு நிரல் அதைத் தடுக்கவில்லை. தடுக்க வேண்டும் என்று அவள் அதற்குச் சொல்லவில்லை. ஒவ்வொரு வேலைக்கும் ரீடரை முழுசாகக் கையில் கொடுத்துவிட்டு, அவரவர் எல்லையில் அவரவர் நிற்பார்கள் என்று நம்பியிருந்தாள்.

ஒரு கணம், ஒரே ஒரு கணம், அந்தத் தாளை மடித்து வைத்துவிடலாமா என்று தோன்றியது. தேநீர்க் கோப்பைகளின் சத்தமும் சிரிப்பும் பக்கத்து அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தன. அவள் தாளைத் தூக்கிக்கொண்டு அங்கே போனாள்.

"சார், அந்தக் கணக்கு தப்பு. அது நேத்து மழை."

இயக்குநருக்கு முதலில் புரியவே இல்லை. "என்னம்மா நேத்து மழை?"

அவள் தாளை இன்ஜினியர் முன்னால் விரித்தாள். "இந்தக் கடைசி மார்க்கெல்லாம் பாருங்க. இது பசங்களா?"

இன்ஜினியர் குனிந்து பார்த்தார். விரல் ஒரு வரியில் நின்றது. "இது மேல் ஓடையில பெஞ்ச மழை. இன்னிக்குக் காலைல நானே எழுதிக் குடுத்தேன்." அவர் குரல் உடைந்தது. "ஐயோ, பெரிய மதகை மூடியே வைக்கச் சொல்லிட்டேனே!"

தொலைபேசியைப் பிடுங்கினார். "எல்லா மதகையும் திறக்கச் சொல்லிடுங்க!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். "மொத்தமாத் திறந்தா கீழ தாழ்வுப் பகுதி முழுகிடும். திறக்காமப் போனா அணைக்கே ஆபத்து. எவ்வளவுன்னு தெரியணும்யா!" என்று இன்ஜினியரும் கத்தினார்.

இயக்குநர் தங்கச்சியை ஓரமாக இழுத்தார். "அதுக்கென்ன, ஆத்துக் கணக்கை மட்டும் மேல வச்சு மறுபடி ஓட்டு. அதே மாதிரி, தானா ஓடட்டும்."

"வேண்டாம் சார். என் ப்ரோக்ராமையே இறக்கிடலாம்."

"என்ன பேசற நீ? அவங்க பாத்துக்கிட்டு இருக்காங்க."

"பாக்கட்டும் சார். அந்த மார்க் வேலை இன்னும் எதையெல்லாம் மிதிச்சிருக்கும்னு எனக்குத் தெரியாது. நினைவகத்துல அதுக்கும் என்னுதுக்கும் நடுவுல சுவர் கிடையாது. அதை நம்பி இன்னொரு கணக்குக் குடுக்க என்னால முடியாது."

பதிலுக்குக் காத்திராமல் டேப் அறைக் கதவைத் தள்ளினாள். அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு டேப் உறையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அண்ணா."

எத்தனையோ நாளாகச் சொல்லாத வார்த்தை அது. அண்ணன் நிமிர்ந்தான். அவள் முகத்தைப் பார்த்ததுமே எழுந்துவிட்டான்.

"என்னாச்சு?"

மூச்சு வாங்கச் சொன்னாள். பரிகாசம் வரும், குத்தல் வரும் என்று எதிர்பார்த்தாள். அவன் கேட்டது ஒன்றுதான். "தண்ணி தாழ்வுப் பகுதிக்குள்ள வருமா?"

"வரலாம்."

அவன் கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போனது. பள்ளி விட இன்னும் நேரம் இருந்தது.

"நீ போய் அண்ணியக் கூட்டிட்டு வா. நான் கையால ஓட்டறேன்" என்றாள் அவள்.

"நீ ஓட்டினா விடிஞ்சுடும்" என்றான் அவன். அதற்குள் மழை டேப்பைக் கழற்றக் கூடத்துக்குள் நடந்திருந்தான்.

அவளுக்குத் தெரியும், அது வீராப்பு இல்லை. டேப்பைச் சக்கரத்தில் கோத்து மாட்ட அவளுக்குப் பிடிக்கும் நேரத்தில் அவன் இரண்டு வேலையை முடித்துவிடுவான். அவன் டேப்பைப் பின்னோட்டி வைத்தான். அவள் விழுங்கப்பட்ட அட்டைகளைத் தேடிப் பொறுக்கி, வரிசை பார்த்து நீட்டினாள். யார் எதைச் செய்வது என்று அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. இன்ஜினியர் தொலைபேசியில், "லைன் குடும்மா, லைன் குடு" என்று எக்ஸ்சேஞ்சிடம் மன்றாடிக்கொண்டிருந்தார்.

அட்டைகள் பாதி போயிருக்கும். ரீடர் ஒரு கரகரப்போடு நின்றது. ஈரத்தில் ஊதியிருந்த அட்டை ஒன்று உள்ளே சிக்கிக்கொண்டது. அண்ணன் மூடியைத் திறந்து நகக்கண்ணால் இழுத்தான். வந்தது அட்டை இல்லை, கசங்கிய கந்தல்.

"இன்னொண்ணு அடிக்கணும்!" அட்டை துளைக்கும் பெண் துளைப்பு இயந்திரத்தின் முன் வந்து உட்கார்ந்தாள். தங்கச்சி கந்தலை நீவி, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, துளைகளை ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னாள். ஒரு இடத்தில் கிழிசலா துளையா என்று தெரியவில்லை. அவள் நின்றுவிட்டாள்.

"ஏதோ ஒண்ணு சொல்லேன் தங்கச்சி" என்றாள் அந்தப் பெண் பதறி.

"ஏதோ ஒண்ணு சொல்ற வேலையே இனி வேண்டாம்" என்று சொல்லிவிட்டுத் தங்கச்சி இன்ஜினியரைக் கூவிக் கூப்பிட்டாள். அவர் தொலைபேசியைக் காதில் வைத்தபடியே அந்த அளவைச் சொன்னார். அட்டை தயாரானது. அண்ணன் அதைத் தன் சட்டையில் ஒற்றி உள்ளே வைத்து, மூடியை ஒரு தட்டுத் தட்டினான். ரீடர் மறுபடி ஓடியது. இந்தத் தடவை மழைப் பகுதி முடிந்ததை அண்ணன் தன் கண்ணால் பார்த்த பிறகுதான் நீரோட்டத்தைத் தொடங்கினான். டேப் சக்கரங்கள் முன்னும் பின்னும் துடித்தன. வந்திருந்த பெரிய மனிதர்கள் சுவரோடு ஒட்டி நின்றார்கள். இயக்குநர் கைக்குட்டையைப் பிழிந்துகொண்டிருந்தார்.

பிரிண்டர் சத்தம் போட்டதும் இன்ஜினியர் தாள் வெளியே வர வரவே படித்தார். பெரிய மதகுகளை இப்போதிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்க வேண்டும். தாழ்வுப் பகுதியை இருட்டுவதற்குள் காலி செய்ய வேண்டும். அந்த நேரம் பார்த்து லைனும் கிடைத்தது.

"முன்னாடி சொன்ன கணக்கைக் கிழிச்சுப் போடு!... ஆமாய்யா, நான்தான் சொன்னேன். இப்பவும் நான்தான் சொல்றேன். எழுதிக்கோ!"

அவர் முதல் எண்ணைச் சொல்லத் தொடங்கியபோது அண்ணன் கூடத்தில் இல்லை. படிகளில் அவன் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. குடைகூட எடுத்துக்கொள்ளவில்லை.

அவள் ஜன்னலுக்குப் போனாள். ஆற்றோரம் காவல்துறையின் அபாயச் சங்கு ஊதுவது மழையைக் கிழித்துக்கொண்டு கேட்டது. இயக்குநர் அவளிடம் ஏதேதோ கேட்டார். அவளும் பதில் சொன்னாள். என்ன சொன்னோம் என்று பிற்பாடு நினைவில்லை. ஜன்னலை விட்டு நகரவில்லை. தெருவில் மூட்டை முடிச்சோடு ஆட்கள் மேட்டுப் பக்கமாக ஏறிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு பெண்ணின் நடையையும் அண்ணியின் நடையா என்று பார்த்தாள்.

பொழுது சாயும் வேளையில் அண்ணி வந்தாள். புடவை முழங்கால்வரை சேறு. தோளில் ஒரு குழந்தை, கையில் இன்னொன்று. அண்ணன் பின்னால் ஒரு வரிசையையே ஓட்டிக்கொண்டு வந்தான். சங்கு கேட்டதுமே அண்ணி பிள்ளைகளை ஒருவர் சட்டையை ஒருவர் பிடிக்க வைத்து நடத்தியிருக்கிறாள். பாலத்தில் அண்ணன் எதிர்ப்பட்டிருக்கிறான். "பின்னாடி பாக்காம நடங்கடான்னு சொல்லிக்கிட்டே வந்தேன். நான்தான் பாத்துக்கிட்டே வந்தேன்" என்றாள் அண்ணி. குளிரில் பற்கள் தந்தியடித்துக்கொண்டிருந்தன. தங்கச்சி அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். சேறு இருவர் மேலும் அப்பிக்கொண்டது.

அன்றிரவு தண்ணீர் தாழ்வுப் பகுதியின் ஜன்னல்களைத் தொட்டது. அணை நின்றது. வீடுகள் காலியாக இருந்ததால் ஆட்கள் பிழைத்தார்கள், ஒருவரைத் தவிர. பரிசல்காரர் ஒருவர் தன் பரிசலை அவிழ்த்துக் கொண்டுவரத் திரும்பிப் போயிருக்கிறார். மறுநாள் கீழ்க்கரையில் கிடைத்தார். முதல் கணக்கே சரியாக வந்திருந்தால் அவருக்கு நேரம் இருந்திருக்குமா என்று தங்கச்சி இன்ஜினியரிடம் கேட்டாள். அவர் கணக்குத் தாளை மறுபடி விரித்துப் பார்த்துவிட்டு, "தெரியலம்மா" என்றார். பொய் சொல்லாததற்காக அவரை அவள் மதித்தாள். ஆனால் அந்தப் பதில் பல வருஷம் அவளைத் தூங்கவிடவில்லை.

விசாரணை நடந்தது. முடிவு அட்டையை விட்டது கல்வித் துறைதான் என்று இயக்குநர் எழுதி வைத்திருந்தார். அவளைக் காப்பாற்றத்தான். விசாரணை அதிகாரி கேட்டபோது அவள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. "அட்டையை யாராவது விடத்தான் செய்வாங்க சார். விட்டா என்ன ஆகும்னு நான் யோசிச்சிருக்கணும்" என்றாள். அவளைக் கட்டுப்பாட்டு நிரலிலிருந்து விலக்கினார்கள். கூடம் பழையபடி அண்ணன் கைக்கு வந்தது. வெளியே பெஞ்சில் கூட்டம் நெரிந்தது.

சில மாதம் கழித்து ஒருநாள் சாப்பாட்டு மேசையில் அண்ணன் அவளையே பார்த்துக் கேட்டான், அண்ணி வழியாக இல்லாமல்.

"அதைத் திரும்ப எழுதலையா நீ?"

"யாரு விடுவாங்க?"

"நான் கேட்டுட்டேன். எழுதச் சொல்லிட்டாங்க." குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னான். "வேலை குவிஞ்சு கிடக்கு. என்னால ஒத்தைக் கையால சமாளிக்க முடியல. ஆனா ஒண்ணு. நான் சரின்னு சொன்ன பிறகுதான் அது கூடத்துக்குள்ள வரணும்."

அவள் அடியிலிருந்து எழுதினாள். இந்தத் தடவை எந்த வேலையும் ரீடரைத் தானே தொட முடியாது. அட்டை வேண்டுமென்றால் கட்டுப்பாட்டு நிரலிடம்தான் கேட்க வேண்டும். அது அட்டையைப் பார்த்து, அந்த வேலைக்கு உரியதாக இருந்தால்தான் கொடுக்கும். ஒரு பகுதி ஓடாவிட்டால் அதை நம்பி நிற்கும் அடுத்த பகுதியைத் தொடங்காது. ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் வேலையை வெளியே தள்ளும்.

அதை உடைப்பது அண்ணனுக்கு வேலையாகிப்போனது. சும்மா சொல்லக்கூடாது, அதில் அவனுக்கு அசாத்திய உற்சாகம். முடிவு அட்டை இல்லாத கட்டு, தலைகீழாகச் செருகிய கட்டு, இரண்டு வேலையைச் சீட்டுக்கட்டுபோல் கலைத்துப் போட்ட கட்டு என்று தினமும் ஒரு வம்போடு வருவான். நிரல் மடங்கி விழுந்தால், "போச்சு!" என்று தொடையைத் தட்டுவான். அவள் முகம் கடுக்கத் தாளை வாங்கிக்கொண்டு போவாள். வீட்டிலும் அதே பேச்சு. பேசாமல் இருந்தபோதே நிம்மதியாக இருந்தது என்று அண்ணி முறையிட ஆரம்பித்தாள்.

கடைசியில் ஒருநாள் அவன் எங்கிருந்தோ முடிவு அட்டை இல்லாத அந்தப் பழைய மதிப்பெண் கட்டைத் தேடி எடுத்து, அதன் வாலில் மழை அட்டைகளைச் சேர்த்து ரீடரில் வைத்தான். அவள் பக்கத்தில் நின்றாள். கட்டு ஓடியது. மதிப்பெண் அட்டைகள் தீர்ந்த இடத்தில் ரீடர் நின்றது. மேசைத் தட்டச்சு தானாக ஒரு வரி அடித்தது: இந்த அட்டை இந்த வேலைக்கு உரியதல்ல.

அண்ணன் குனிந்து அதைப் படித்தான். மறுபடியும் படித்தான்.

"திமிரைப் பாரு" என்றான். பிறகு கதவைத் திறந்து, பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களிடம், கட்டுகளை எல்லாம் மொத்தமாக உள்ளே கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகச் சொன்னான்.